மனசுக்குள் நடப்பதும் வரப்பில் நடப்பதும்

பார்க்கின்சன் நோய்க்கு "மனப்பயிற்சி" என்று ஒரு சங்கதி சில வருடங்களாக வாட்ஸப்பிலும் யூடியூபிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு, நாற்காலியிலிருந்து எழுந்து, கை வீசி நன்றாக நடப்பதாக மனசுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். தினமும் செய்தால் மூளை அதை நிஜமென்று எடுத்துக்கொள்ளும், கால் தானாக வழிக்கு வரும் என்கிறார்கள். கடைசியில் "ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது" என்று ஒரு வரி. எந்த ஆராய்ச்சி, எத்தனை பேரிடம், எத்தனை வாரம், எதோடு ஒப்பிட்டு என்ற விவரம் மட்டும் இருக்காது.

அந்த ஆராய்ச்சிகளைத் தேடி வாசித்ததன் குறிப்புதான் இது. நான் மருத்துவன் இல்லை, சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் ஒரு சோதனை எதை அளக்கிறது, எதை அளக்காமல் விடுகிறது என்று பார்ப்பதற்கு அந்தத் தொழில் பழக்கம் கொஞ்சம் உதவுகிறது.

முதலில் நோயைப் பற்றி நாலு வரி

1817-ல் லண்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறே ஆறு நோயாளிகளை வைத்து ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். கை நடுக்கம், முன்பக்கம் வளைந்த உடம்பு, குறுகிக்கொண்டே போகும் எட்டு என்று எல்லாவற்றையும் அதில் பதிவு செய்திருக்கிறார். காரணம் புரிய இன்னும் நூற்று நாற்பது வருடம் ஆனது. மூளையின் அடியில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற இடத்தில் டோபமைன் சுரக்கும் செல்கள் சாகின்றன. அதனால் பேசல் கேங்ளியா என்ற பகுதி தன் வேலையைச் சரியாகச் செய்ய முடிவதில்லை.

அந்தப் பகுதியின் முக்கியமான வேலை, பழகிய அசைவுகளை நாம் யோசிக்காமலே நடத்திக் கொடுப்பது. நம்மூர்த் திண்ணையில் ஒருவர் வெற்றிலைக் காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவி, மடித்து வாயில் போடுவார். இடையில் ஊர்க்கதை நிற்காது. கை தன் பாட்டுக்கு வேலை செய்யும். பார்க்கின்சன் முதலில் பறிப்பது இந்தத் "தன் பாட்டுக்கு" என்பதைத்தான். தசையில் பலம் இருக்கும், செய்ய வேண்டும் என்ற எண்ணமும் இருக்கும். ஆனால் ஒவ்வொரு அசைவையும் கவனம் வைத்துச் செய்தாக வேண்டும்.

மருந்தின் கதையில் நம் பக்கத்துப் பங்கும் ஒன்று உண்டு. இன்றும் முதன்மையான மருந்து லெவோடோபா. 1967-ல் ஜார்ஜ் கொட்ஸியாஸ் பெரிய அளவில் கொடுத்துப் பலன் காட்டிய பிறகுதான் அது நிலைபெற்றது. அதற்கு முப்பது வருடம் முன்பே, 1937-ல், மதராஸில் தாமோதரன், ராமசாமி என்ற இரண்டு வேதியியலாளர்கள் பூனைக்காலி விதையிலிருந்து அதே பொருளைப் பிரித்தெடுத்து ஆய்விதழில் எழுதியிருக்கிறார்கள். வேலியோரம் படர்ந்து, பட்டால் அரிக்குமே, அந்தப் பூனைக்காலிதான். பார்க்கின்சனுக்கும் அதற்கும் தொடர்பு உண்டென்று அப்போது யாருக்கும் தெரியாது. இதைச் சொல்வதற்குக் காரணம் பெருமை இல்லை. இந்த நோயில் மருந்து நிஜமாகவே வேலை செய்கிறது. மனப்பயிற்சியைப் பற்றி எது பேசினாலும் அதை மருந்தின் பக்கத்தில் வைத்துத்தான் பேச வேண்டும், மருந்துக்குப் பதிலாக வைத்து இல்லை.

பாபநாசம் பக்கம் இருக்கும் எங்கள் பெரியப்பா ஒரு வீடியோவை எனக்கு அனுப்பிவிட்டு, "தம்பி, இதைப் பண்ணுனா மாத்திரையைக் கொறைச்சுக்கலாமாடா?" என்று கேட்டார். இந்த மாதிரி வீடியோக்கள் போய்ச் சேரும் இடம் அதுதான். பலன் இல்லாவிட்டாலும் நஷ்டம் இல்லை என்று சும்மா விட்டுவிட முடியாத காரணமும் அதுதான்.

ஒத்திகை நடக்கும் மேடை எது?

மனப்பயிற்சியின் அடிப்படை வலுவானது. 1989-ல் பிரான்ஸில் டெசெட்டியும் ஜானரோவும் ஒரு பரிசோதனை செய்தார்கள். குறிப்பிட்ட தூரத்தை நடந்து கடக்க ஆகும் நேரமும், நடப்பதாகக் கற்பனை செய்ய ஆகும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. கற்பனையில் நடப்பது என்பது வெறும் எண்ணம் இல்லை. நிஜ நடைக்குத் திட்டம் போடும் அதே மூளைப் பகுதிகள் அதிலும் வேலை செய்கின்றன. 1995-ல் பாஸ்குவால்-லியோன் குழு, ஐந்து நாள் மனசுக்குள் மட்டும் பியானோ விரல்பயிற்சி செய்தவர்களின் மூளையிலும் மாற்றம் இருந்ததைக் காட்டியது.

வீடியோக்கள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. ஆனால் அந்தப் பரிசோதனைகளில் இருந்தவர்கள் ஆரோக்கியமானவர்கள். அதே 1995-ல் டாமினி என்பவரும் சகாக்களும் ஒரு பக்கம் மட்டும் பார்க்கின்சன் தாக்கியவர்களை எடுத்துக்கொண்டு, ஒரு விரல் வரிசையை நிஜமாகவும் கற்பனையிலும் செய்யச் சொன்னார்கள். பாதிக்கப்பட்ட கை நிஜத்தில் மெதுவாக இருந்தது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அந்தக் கையைக் கற்பனை செய்யும்போதும் மெதுவாகத்தான் ஓடியது.

என் தொழில் பாஷையில் சொன்னால், ஒத்திகைக்கென்று தனி கம்ப்யூட்டர் கிடையாது. பழுதான அதே மெஷினில்தான் சிமுலேஷனும் ஓடுகிறது. பக்கவாதம் வந்தவருக்கு மனப்பயிற்சி கொடுப்பதும் பார்க்கின்சன் உள்ளவருக்குக் கொடுப்பதும் ஒன்றில்லை என்பது இதனால்தான். ஒன்றில் கிடைத்த வெற்றியை இன்னொன்றின் கணக்கில் எழுதக்கூடாது.

இதற்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது. 2007-ல் நெதர்லாந்தின் நெய்மேகனில் ஹெல்மிக் குழு, நோயாளிகள் தங்கள் பாதிக்கப்பட்ட கையைக் கற்பனையில் திருப்பிப் பார்க்கும்போது மூளையை ஸ்கேன் செய்தது. உடம்பின் வடிவத்தைக் கண்ணால் அடையாளம் காண உதவும் பகுதி கூடுதலாக வேலை செய்திருந்தது. அசைவின் வழி அடைபட்டதும் பார்வையின் வழியாக மூளை சுற்றிப் போகிறது. ஆற்றுப் பாலம் உடைந்தால் மதகு வழியாகப் போகிற மாதிரி. இது பின்னால் தேவைப்படும்.

இரண்டு சோதனைகள், இரண்டு தீர்ப்புகள்

இணையத்தில் "நிரூபிக்கப்பட்டது" என்பவர்கள் பெரும்பாலும் சுற்றிச் சுற்றி வந்து சேரும் இடம் 2007-ல் இஸ்ரேலில் தமிர், டிக்ஸ்டைன், ஹூபர்மன் மூவரும் செய்த ஆய்வு. மொத்தம் 23 பேர். வாரம் இரண்டு நாள், ஒரு மணி நேரம், பன்னிரண்டு வாரம். ஒரு குழுவுக்கு உடற்பயிற்சி மட்டும், இன்னொன்றுக்கு உடற்பயிற்சியோடு மனப்பயிற்சி. படுக்கையிலிருந்து எழுவது, நின்ற இடத்தில் சுற்றித் திரும்புவது போன்ற அசைவுகளில் இரண்டாவது குழு அதிக வேகம் பெற்றது.

நல்ல ஆய்வுதான். ஆனால் அது என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். மனப்பயிற்சி மட்டும் செய்த குழு என்று அதில் ஒன்று கிடையவே கிடையாது. கண்ணை மூடி உட்கார்ந்தவர்கள் எல்லாரும் எழுந்து உடம்பாலும் செய்தவர்கள்தான். "உட்கார்ந்த இடத்திலேயே குணம்" என்ற வாக்கியத்துக்கு இந்த ஆய்வில் இடமில்லை. தவிர, 23 பேர் என்பது ஒரு மினி பஸ்ஸில் அடங்கும் கூட்டம். இரண்டு மூன்று பேர் மாறினாலே முடிவு ஆட்டம் காணும்.

நான்கு வருடம் கழித்து, 2011-ல், நெதர்லாந்தில் பிரவுன் குழு 47 பேரை வைத்து, பல மையங்களில், ஆறு வாரம் சோதித்தது. இங்கே ஒப்பீடு கடுமையானது. ஒரு குழுவுக்குச் சிகிச்சையோடு மனப்பயிற்சி, மற்ற குழுவுக்கு அதே சிகிச்சையோடு உடம்பைத் தளர்த்தி ஓய்வாக இருக்கும் பயிற்சி. முடிவில் நடை வேகத்திலோ, எழுந்து நடந்து திரும்பும் நேரத்திலோ இரண்டு குழுவுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

இதை வைத்து "எல்லாம் சும்மா" என்று மூட்டை கட்டுகிறவர்களும் உண்டு. அதுவும் அவசரம். முதலாவது, மனப்பயிற்சியை வெளியிலிருந்து சரிபார்க்க வழியில்லை. ஒருவர் பத்து முறை குந்தி எழுந்தால் எண்ணலாம். கண்ணை மூடியிருப்பவர் நடந்து பார்க்கிறாரா, மத்தியானச் சாப்பாட்டை நினைக்கிறாரா, தூங்கிவிட்டாரா? யார் கண்டது? இரண்டாவது, ஓய்வுப் பயிற்சி என்பது வெறும் மாவு மாத்திரை இல்லை. பதற்றம் கூடினால் கால் ஒட்டிக்கொள்ளும் என்பது நோயாளிகள் எல்லாருக்கும் தெரியும். பதற்றம் குறைந்தால் நடை சரளமாகலாம். ஆகவே அந்த ஆய்வு சொல்வது இவ்வளவுதான்: ஆறு வாரத்தில், ஓய்வுப் பயிற்சியைவிட மனப்பயிற்சி அதிகமாக எதையும் செய்ததாகத் தெரியவில்லை. அதைக் கூட்டியும் குறைத்தும் சொல்லத் தேவையில்லை.

மனசைவிடக் கண் கெட்டிக்காரத்தனமானது

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இந்த இரண்டும் இல்லை. 1996-ல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் மெக் மோரிஸும் சகாக்களும் செய்தது. நோயாளிகளின் எட்டு ஏன் குறுகுகிறது என்பது கேள்வி. தரையில் குறுக்குக் கோடுகள் போட்டார்கள். எட்டு நீளமானது. பிறகு கோடுகளை எடுத்துவிட்டு, அந்த நீளத்தை மனசில் படமாக வைத்துக்கொண்டு நடக்கச் சொன்னார்கள். அப்போதும் எட்டு ஏறக்குறைய சரியான நீளத்துக்கு வந்தது. அதாவது நடக்கும் திறன் அழிந்துபோகவில்லை, உள்ளேயே இருக்கிறது. அதை எழுப்பும் வழிதான் அடைபட்டிருக்கிறது.

மனப்படத்துக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. ஆனால் கூடவே இன்னொன்றையும் காட்டினார்கள். நடக்கும்போது கவனத்தை வேறு வேலைக்குத் திருப்பினால் எட்டு மறுபடி குறுகிவிட்டது. மனப்படம் கையில் பிடித்த விளக்கு மாதிரி. பிடித்திருக்கும் வரை வெளிச்சம்.

கண் வழியாகப் போனால் பிடி இன்னும் உறுதி. 2010-ல் இத்தாலியில் பெலோசின் குழு, நடக்கையில் திடீரென்று உறைந்து நிற்கும் 18 பேருக்கு நான்கு வாரப் பயிற்சி கொடுத்தது. பாதிப் பேர், உறைதலிலிருந்து விடுபட்டு எப்படி நடப்பது என்ற வீடியோவைப் பார்த்துவிட்டு அதையே செய்தார்கள். மற்றவர்கள் இயற்கைக் காட்சிகளைப் பார்த்துவிட்டு அதே உடற்பயிற்சியைச் செய்தார்கள். பயிற்சி முடிந்து நான்கு வாரத்துக்குப் பிறகும் உறைதல் குறைந்தே இருந்தது முதல் குழுவுக்குத்தான். மேலே சொன்ன ஸ்கேன் ஆய்வோடு இதைச் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது: "உள்ளேயிருந்து உணருங்கள்" என்று கண்ணை மூடச் சொல்வது இந்த நோயில் கஷ்டமான பாதை. கண்ணைத் திறந்து ஒருவர் நடப்பதைப் பார்த்து, உடனே தானும் செய்வது சுலபமான பாதை.

புனேயைச் சேர்ந்த வடிவமைப்பாளர் மிலேஹா சொனேஜி 2015-ல் ஒரு டெட் உரையில் தன் சித்தப்பாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். சமதரையில் தடுமாறுகிறவர் மாடிப்படியில் சரளமாக இறங்கினார். இவர் தரையில் படிக்கட்டு மாதிரித் தெரியும் படத்தை ஒட்டிவைத்தார். அவர் அதன் மேல் நடந்துவிட்டார். அதே மாதிரி, 2010-ல் நெய்மேகன் மருத்துவர்கள் வெளியிட்ட ஒரு வீடியோவில், நாலு எட்டு வைக்க முடியாத 58 வயதுக்காரர் சைக்கிளில் ஏறி ஓட்டிக்கொண்டு போகிறார். கும்பகோணம் சாலையில் எத்தனை பெரியவர்கள் சைக்கிளில் போகிறார்கள், அவர்கள் இறங்கியதும் எப்படி நடக்கிறார்கள் என்று அதைப் பார்த்த பிறகு கவனிக்க ஆரம்பித்தேன்.

நாற்காலி இல்லாத ஊரில் நாற்காலிச் சோதனை

இனி என் முக்கியமான புகார். இந்த ஆய்வுகளில் அடிக்கடி வரும் அளவுகோல் ஒன்று: கைப்பிடி உள்ள நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி? மனப்பயிற்சியில் கற்பனை செய்யச் சொல்வதும் இதைச் சுற்றியே இருக்கும். ஆம்ஸ்டர்டாமில் இருப்பவருக்கு அது அன்றாட வாழ்க்கை. திருவையாற்றுப் பக்கம் ஒரு கிராமத்துப் பெரியவருக்கு?

அவர் தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிட்டு எழ வேண்டும். குந்தி உட்காரும் கழிப்பறையிலிருந்து எழ வேண்டும். ஆற்றுப் படித்துறையில் ஈரக்காலோடு இறங்க வேண்டும். பழைய வீடென்றால் உயரமான நிலைப்படியைத் தாண்ட வேண்டும். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, குறுவைக்குத் தண்ணீர் வந்துவிட்டால் வயலைப் பார்க்காமல் இருப்புக் கொள்ளாது. ஒரு ஆள் அகல வரப்பில், பக்கத்தில் சேறு, எதிரே இன்னொருவர் வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும். நடவு வேலைக்குப் போகும் பெண்கள் சேற்றில் குனிந்தபடி பின்னோக்கி நகர்கிறார்கள். பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு முன்னோக்கி நடப்பதைவிடப் பின்னோக்கி நடப்பது இன்னும் மோசமாகும். மூன்று மீட்டர் சோதனையில் இது எதுவும் தெரியாது.

ஒரு ப்ரோக்ராமின் சோதனைகள் எல்லாம் பச்சை காட்டினாலும், வாடிக்கையாளர் தினமும் அழுத்தும் பட்டனை யாரும் சோதிக்காமல் விட்டிருந்தால் அந்தப் பச்சைக்கு மதிப்பில்லை. ஒத்திகை எதற்கோ அதையே ஒத்திகை பார்க்க வேண்டும். நாற்காலியிலிருந்து எழுவதை ஆயிரம் முறை நினைத்தவருக்குச் சம்மணத்திலிருந்து எழ அது எவ்வளவு உதவும்?

இந்த மண்ணில் ஒத்திகைக்கு ஏற்ற கருவி ஒன்று ஏற்கனவே இருக்கிறது: சொற்கட்டு. தவில் கற்கிறவர் தோலைத் தொடுவதற்கு முன் ஜதியை வாயால் சொல்லப் பழகுகிறார். தஞ்சை நால்வர் என்று சொல்லப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு சகோதரர்கள் 19-ஆம் நூற்றாண்டில் முறைப்படுத்திய நாட்டியப் பாடத்தில், நட்டுவனாரின் வாய்ச்சொல்லும் தட்டுக்கழியும்தான் காலை நடத்துகின்றன. அசைவை வாயால் சொல்லி, காதால் கேட்டு, பிறகு காலால் செய்வது. இதுவும் மன ஒத்திகைதான், ஆனால் தாளத்தின் பிடியோடு.

தாளத்துக்கு ஆய்வு பலமும் இருக்கிறது. 1996-ல் அமெரிக்காவின் கொலராடோவில் மைக்கேல் தவுட் குழு, தாளத்தோடு மூன்று வாரம் நடைப்பயிற்சி செய்த நோயாளிகளின் நடை வேகம் சராசரியாக 25 சதவீதம் கூடியதைப் பதிவு செய்தது. நியூயார்க்கின் புரூக்ளினில் மார்க் மோரிஸ் நடனக் குழு 2001 முதல் பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு நடன வகுப்பு நடத்துகிறது. தட்டடவு பிறந்த ஊரில் அப்படி ஒரு வகுப்பு நடத்த யாரும் வெளிநாட்டுக் கருவி வாங்க வேண்டியதில்லை. ஒரு கட்டை, ஒரு கழி, சொல்லிக் கொடுக்க ஒருவர், விழாமல் பிடிக்க ஒருவர். இதன் பலனை யாராவது முறையாக அளக்க வேண்டும் என்பது என் ஆசை. அளக்கும்போது நாற்காலியை ஓரமாக வைத்துவிட்டு, சம்மணத்திலிருந்து எழும் நேரத்தை அளக்க வேண்டும்.

ஆக, என்ன செய்வது?

என் வாசிப்பிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இது.

மாத்திரையை மனப்பயிற்சிக்காகக் குறைப்பதற்கு இந்த ஆய்வுகள் எதிலும் ஆதாரம் இல்லை. மாத்திரை விஷயம் நரம்பியல் மருத்துவருடையது. மருந்து வேலை செய்துகொண்டிருக்கும் நேரத்தில்தான் எந்தப் பயிற்சியையும் செய்ய வேண்டும்.

தனியாகக் கண்ணை மூடி அரை மணி உட்காருவதைவிட, செய்யப்போகும் அசைவைச் செய்வதற்கு முன் சில விநாடி நினைத்து, உடனே செய்வது உருப்படியானது. "முன்னால் குனியணும், கையை ஊணணும், எழணும்" என்று வாய்விட்டுச் சொல்லலாம். முதலில் வேறு ஒருவர் செய்து காட்டினால் இன்னும் நல்லது. பேரப்பிள்ளைகளுக்கு இந்த வேலையைக் கொடுக்கலாம், சந்தோஷமாகச் செய்வார்கள்.

நடக்கும்போது பேச்சு வேண்டாம். போன் வந்தால் நின்று பேசட்டும். எதிரே வருகிறவர்கள் "என்ன மாமா, சௌக்கியமா?" என்று நடந்துகொண்டிருப்பவரிடம் கேட்காமல், அவர் நின்ற பிறகு கேட்பது பெரிய உபகாரம். மெல்பர்ன் ஆய்வு ஊருக்கே சொல்லும் பாடம் இது.

கால் ஒட்டிக்கொள்ளும் இடம் எது என்று பார்த்து, அங்கே தரையில் பளிச்சென்று குறுக்குக் கோடு போடலாம். பெயிண்ட் செலவு ஐம்பது நூறு ரூபாய்தான். ஆனால் எல்லாருக்கும் எல்லாம் வேலை செய்யாது. 4,300-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் எடுத்த ஒரு கணக்கெடுப்பில், எந்த உபாயம் யாருக்கு உதவுகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறியது. அவர்களிலேயே ஏறக்குறைய ஆறில் ஒருவர் இப்படி உபாயங்கள் இருப்பதையே கேள்விப்பட்டதில்லை. அவர்களுக்கே அப்படியென்றால் இங்கே எப்படி இருக்கும்?

ஆகவே அடுத்த முறை அந்த வீடியோ உங்களுக்கு வந்தால், அப்படியே முன்னனுப்பாமல் இரண்டு வரி சேர்த்து அனுப்புங்கள்: மாத்திரையை நிறுத்தாதீர்கள், நினைத்ததும் எழுந்து செய்யுங்கள், பக்கத்தில் ஆள் இருக்கும்போது. உங்கள் வீட்டில் யாருக்காவது கோடோ, தாளமோ, படிக்கட்டோ, சைக்கிளோ உதவியிருந்தால் எனக்கு எழுதுங்கள். எந்த ஊர், எந்த மாதிரித் தரை, எந்த அசைவு என்று விவரமாக இருந்தால் அடுத்த குறிப்பில் தொகுத்துப் போடுகிறேன்.